பட்டியலில் இருந்து போன அரிப்பு

உடம்பு அரித்தால் சொறி, சிரங்கு, வறண்ட தோல் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஒரு புற்றுநோயின் அறிகுறிப் பட்டியலில் அரிப்புக்கும் இடம் இருந்தது, தெரியுமா நண்பர்களே?

நிணநீர்க் கணுக்களில் வரும் அந்த நோயை 1832ல் விவரித்தவர் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின். (அவர் பெயரையே அதற்குச் சூட்டியது 1865ல்தான், சாமுவேல் வில்க்ஸ் என்பவர்!) 1965ல் அமெரிக்காவின் ரை நகரில் கூடிய நிபுணர்கள், நோயின் தீவிரத்தைக் கணிக்க, காய்ச்சல், இரவு வியர்வையோடு அரிப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். 1971ல் ஆன் ஆர்பர் கூட்டத்தில் அரிப்பு போய் எடைக் குறைவு வந்தது. அரிப்பை மட்டும் வைத்து நோயின் போக்கைச் சொல்ல முடியாதாம்.

அதற்காக அரிப்பை ஒதுக்கிவிடவில்லை. தடிப்பே இல்லாமல் வாரக்கணக்கில் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று மருத்துவர் தடவிப் பார்ப்பது இதற்காகவும்தான்.