ராவுத்தர் என்றொரு பெயர்

வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் பெயருக்கு மூன்று கட்டங்கள் உண்டு: முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர். இந்த மூன்றாவது கட்டம் தமிழனுக்கு எப்போதும் தொந்தரவுதான். அப்பா பெயரை எழுதுவான், ஊர்ப் பெயரை எழுதுவான், ஒரு புள்ளி வைத்துவிட்டும் போவான். போடிநாயக்கனூருக்கு நான் மாற்றலாகி வந்த புதிதில், ஏலக்காய்ப் பணத்துக்காகக் கணக்குத் தொடங்க வந்த ஒரு பெரியவர் அந்தக் கட்டத்தில் ‘ராவுத்தர்’ என்று எழுதியிருந்தார். ஆதாரில் அது இல்லை. “இது ஜாதிப் பேருங்களா, பாய்?” என்று கேட்டேன். “குதிரைக்காரன் பேரு, தம்பி. குதிரைதான் இல்லை” என்றார். எனக்கு அவசரம். ஜாதிப் பெயர் ஒன்றை அடிக்கிறோம் என்ற முற்போக்குத் திருப்தியும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். அடித்துவிட்டு, அவருடைய அத்தா பெயரின் முதலெழுத்தை மட்டும் ஏற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து ஏலக் கம்பெனி கொடுத்த செக்கோடு வந்தார். போடிமெட்டுக்கு அப்பால், கேரள எல்லைக்குள் இருந்த அவர் தோட்டத்தின் பத்திரத்தில் அவர் ராவுத்தர்; அதைப் பார்த்து எழுதிய செக்கிலும் ராவுத்தர். எங்கள் கணக்கில் அப்படி ஒருவர் இல்லை. செக் திரும்பியது. இரண்டு பெயரும் ஒரே நபரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சொல்லைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

‘ராஜபுத்ர’ என்ற சமஸ்கிருதச் சொல் பிராகிருதத்தில் தேய்ந்து ‘ராவுத்த’ ஆனது. மராத்தியில் ராவுத், இந்தியில் ராவத், கன்னடத்தில் ராவுத, தெலுங்கில் ரவுத்து என்று அது நாடு முழுவதும் அலைந்திருக்கிறது. அரசன் மகன் என்ற அர்த்தம் போய், குதிரையேறிப் போரிடுகிறவன் என்ற அர்த்தம் தெற்கில் நிலைத்தது. தெலுங்கில் இன்றும் குதிரையேறுபவனுக்கு அதுதான் சாதாரணச் சொல். மேற்கிலும் இதே கதைதான். ஜெர்மன் மொழியின் ‘ரிட்டர்’, ஸ்பானிய மொழியின் ‘கபயேரோ’ இரண்டும் குதிரையேறியைக் குறித்துப் பிறகு வீரப் பட்டமாகி, கடைசியில் வெறும் குடும்பப் பெயராகித் தொலைபேசிப் புத்தகத்தில் வந்து நின்றவை. ‘மார்ஷல்’ ஆரம்பத்தில் லாயக்காரன், சேனாதிபதியானது பிற்பாடு. நம்முடையது மேலிருந்து கீழே வந்தது, அவர்களுடையது கீழிருந்து மேலே போனது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தமிழ்நாடு நல்ல குதிரைகளைப் பெருக்கிய நாடு அல்ல. அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவையே இங்கே போர்க்குதிரைகள். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான் என்றும், பராமரிக்கத் தெரியாததால் வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். குதிரை வந்தால் போதாது. குதிரையை அறிந்தவனும் வேண்டும். அந்த ஞானத்தைக் கொண்டுவந்தவர்களில் முஸ்லிம்கள் அதிகம். மாணிக்கவாசகர் கதையில் சிவபெருமானே பாண்டியனிடம் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வருகிறார் என்றால், அந்த வியாபாரியின் உருவம் இந்த மண்ணின் மனத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்று யோசிக்கலாம்.

இதற்கடுத்த கட்டம் விஜயநகரம். 1422 முதல் 1446 வரை ஆண்ட இரண்டாம் தேவராயன், வடக்கே பாமனிக் குதிரைப்படையிடம் தோற்ற அனுபவத்தில், முஸ்லிம் குதிரை வீரர்களையும் வில்லாளிகளையும் தன் படையில் சேர்த்தான். அவர்கள் வணக்கம் செலுத்த வசதியாகத் தன் சிம்மாசனத்தின் முன் குர்ஆனை வைத்தான் என்று பெரிஷ்தா எழுதுகிறார். பிரபுடதேவராயன் என்று அருணகிரிநாதர் திருப்புகழில் பெயர் சொல்வது இந்த அரசனைத்தான் என்பது அறிஞர் கருத்து. அதே அருணகிரி, மயிலேறும் முருகனை ‘ராவுத்தன்’ என்று அழைக்கிறார். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தெருவில் குதிரை மேல் கம்பீரமாகப் போனவனைப் பார்த்த ஒரு கவிமனம் தன் தெய்வத்துக்கு அவன் பெயரைக் கொடுத்திருக்கிறது. அந்தச் சொல்லை அன்னியமாக நினைத்திருந்தால் அது நடந்திருக்காது.

செஞ்சி வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தன் என்று ஒரு காவல் தெய்வம் உண்டு. முஸ்லிம் வீரன், அம்மனின் காவலாளி. அவனுக்குச் சுருட்டும் கஞ்சாவும் படைப்பார்கள். அவன் குதிரைக்குக் கொள்ளு வைப்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். முருகனுக்கு உவமையாக வந்த சொல், இங்கே முஸ்லிமாகவே கோயிலுக்குள் வந்து நிற்கிறது.

ராவுத்தர் என்றால் துருக்கியிலிருந்து வந்த குதிரைப்படையினரின் வம்சம் என்று ஒரு பெருமிதம் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கடி காதில் விழும். வெளியிலிருந்து வந்தவர்கள்தானே என்று இதே கதையைப் பகைமையோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: ஒரு தொழிலின் பெயரை ரத்தத்தின் பெயராகப் படிக்கிறார்கள். வந்து இறங்கியவர்களில் துருக்கியரும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் துருக்கியப் பெயர் அல்ல, அரபிப் பெயரும் அல்ல. இந்த நாட்டுச் சொல். மரைக்காயரும் லெப்பையும் கடற்கரையில் கேட்பது போல், ராவுத்தர் உள்நாட்டில் கேட்கிற பெயர். தமிழில் பேசி, அப்பாவை அத்தா என்று கூப்பிட்டு, குதிரை போன பிறகு நிலத்திலும் வியாபாரத்திலும் இறங்கிய ஜனங்களின் பெயர்.

சமூகத்தின் பெயராகப் பரவலாக இருந்தும், ஆளின் பெயரோடு ஒட்டிய கடைசிப் பெயராக அது தமிழ்நாட்டில் அபூர்வமாகிவிட்டது. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய கல்லூரி, ஹாஜி கருத்த ராவுத்தர் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. 1991இல் ‘கேப்டன் பிரபாகரன்’ எடுத்த தயாரிப்பாளர் இப்ராஹிம் ராவுத்தர் மூலம் திரையரங்கு ஜனங்களுக்கு அது பழகிய பெயரானது. இவற்றைத் தவிர்த்தால், இளையவர்களின் படிவங்களில் நான் அதைப் பார்ப்பது குறைவு. காரணம் மதமல்ல; தமிழ்நாட்டின் பொதுக் காற்று. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அது சரியான காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஒருவன் தலைமேல் ஏறி உட்காரப் பயன்பட்ட பட்டங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் என் பேனாவுக்கு மிதிக்கிற பட்டத்துக்கும் வெறும் நினைவாக மிஞ்சிய பட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் இந்தக் காற்று வீசவில்லை. தேவிகுளமும் பீர்மேடும் 1956இல் கேரளத்தோடு சேர்ந்தன. அங்கே ராவுத்தர் குடும்பப் பெயராகவே நிலைத்தது. பாலக்காட்டு ராவுத்தர்களை ஓ.வி. விஜயன் 1969இல் ‘கசாக்கின் இதிகாச’த்தில் மலையாள நவீனத்துவத்தின் மையத்துக்கே கொண்டுவந்தார். எங்கள் கவுண்டருக்கு வரும் குடும்பங்களில் அண்ணன் போடியில் வெறும் இனிஷியல். தம்பி சாந்தன்பாறையில் ராவுத்தர். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் பெயர் நீளும், இறங்கினால் குறுகும். ஏலக்காய் மூட்டைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இந்த ஊரும் ஒரு பட்டத்தின் மேல்தான் நிற்கிறது. நாயக்கன் என்பதும் ஆதியில் படைத்தலைவனைக் குறித்த சொல். பேச்சில் அதை உதறிவிட்டுப் போடி என்கிறோம். 2023இல் ரயில் மறுபடி வந்த நிலையத்தின் பலகையில் அந்த நாயக்கன் முழுசாக இருக்கிறான். யாரும் அவனை அடிக்கவில்லை.

இந்தச் சரிவுகளில் சாலையில்லாத கிராமங்களுக்கு இன்னும் குதிரையும் கோவேறு கழுதையும்தான் பொதி சுமக்கின்றன. அவற்றை நடத்திப் போகிறவனுக்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை.

பெரியவரின் உறுதிமொழித் தாளை வைத்து அவர் கணக்கில் பெயரைத் திருத்தினேன். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அதில் இருந்தது. அருணகிரியின் ராவுத்தனையும் செஞ்சிக் கோயிலின் ராவுத்தனையும் படித்த பிறகு, அந்த வாக்கியத்தை எழுதித் தர வேண்டியவர் அவரல்ல என்று படுகிறது.