மூன்று குரல்கொண்ட சில்லு

வீட்டுக் கணிப்பொறிகள் தோன்றிய நாட்களில் அவற்றுட் பல வெறும் 'பீப்' ஒலியோடு நின்றுவிட்டன. அந்நிலையை மாற்றியோருள் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் பாப் யான்னஸ்.

1981-இல் அவர் வடிவமைத்த 'சிட்' என்னும் ஒலிச்சில்லு, 1982-இல் வெளிவந்த கமோடோர் 64 கணிப்பொறியில் இடம்பெற்றது. சுரம் எழுவதையும் நிலைப்பதையும் தேய்வதையும் தனித்தனியே ஆளவும், வடிகட்டியால் அதன் தன்மையை மாற்றவும் அது வல்லதாயிருந்தது. ஆயினும் வாய்த்த குரல்கள் மூன்றே. மேலும் பல குரல்களை யான்னஸ் விரும்பினார், காலம் இடந்தரவில்லை. பின்னாளில் தாம் கூட்டாக நிறுவிய என்சோனிக் நிறுவனத்தின் விசைப்பலகைக் கருவிகளுக்கென 32 அலையெழுப்பிகள் கொண்ட சில்லை உருவாக்கி அக்குறை தீர்த்தார்.

இசையமைப்பாளர்களோ இருந்ததைக் கொண்டே வென்றனர். ஒரே குரலில் பல சுரங்களை மிக விரைவாக மாற்றி ஒலித்து, அவை சேர்ந்து முழங்குவதாகச் செவியை நம்பவைத்தனர். சில்லில் ஒரு பழுதும் இருந்தது: ஒலியளவை மாற்றுந்தோறும் 'டிக்' என்றோர் ஓசை எழும். அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை எழுப்பி, பேச்சையும் முரசொலியையும் வரவழைத்தனர். திருத்தி வெளியிடப்பட்ட 8580 சில்லில் பழுது நீங்கியது. அந்த நான்காம் குரலும் உடன் தேய்ந்தது.

1994-இல் கமோடோர் நிறுவனம் நொடித்தது. எஞ்சிய சில்லுகளும் ஒவ்வொன்றாய்ப் பழுதாகின்றன. அவற்றின் ஒலியை இன்றைய கணிப்பொறிகளில் மீட்போர், அந்தப் பழுதையும் அப்படியே படியெடுக்கின்றனர். அதை விட்டால் பாட்டும் விடுபடும் அல்லவா?