எழுத்து பிரசுரம்: புதுக்கவிதை நூலுருப் பெற்ற வரலாறு

தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாறு பெரும்பாலும் இதழ்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மணிக்கொடி, எழுத்து, கசடதபற, வானம்பாடி என்னும் வரிசை முதுகலை மாணவர் நன்கறிந்தது. இதழ்களில் சிதறிக் கிடந்த கவிதைகளை நூலாக்கிய பதிப்பு முயற்சிக்கு அவ்வரிசையில் உரிய இடம் அளிக்கப்படவில்லை. சி. சு. செல்லப்பா (1912–1998) சென்னையில் நடத்திய எழுத்து பிரசுரத்தை முன்வைத்து இக்கட்டுரை அவ்விடத்தை வரையறுக்க முனைகிறது.

1959 சனவரியில் தொடங்கிய எழுத்து, 1970இல் நின்றது. அதன் துணையாகத் தோன்றிய பதிப்பகத்தின் பங்கினை ந. பிச்சமூர்த்தியின் சான்று தெளிவாக்கும். அவர் 1934இலேயே மணிக்கொடியில் யாப்பு மீறிய கவிதை எழுதத் தொடங்கினார். எனினும் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பாகிய காட்டு வாத்து 1962இல்தான் எழுத்து பிரசுரத்தால் வெளிவந்தது. இடைப்பட்டவை 28 ஆண்டுகள். இதழ் இடம் கொடுத்த ஒரு கவிஞருக்குப் பதிப்புலகம் இடம் கொடுக்க இத்துணைக் காலம் ஆயிற்று என்பது நோக்கத்தக்கது.

அதே 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் கொண்ட புதுக்குரல்கள் வெளியாயிற்று. ‘நுழைவாசல்’ என்னும் தலைப்பில் செல்லப்பா அதற்கு முன்னுரை எழுதினார். 1900இல் பிறந்த பிச்சமூர்த்தியும் 1939இல் ஈழத்தில் பிறந்த தருமு சிவராமுவும் ஒரே நூலில் இடம்பெற்றனர். தனித்தனிச் சோதனைகள் எனத் தள்ளப்பட்டவை ஓர் இயக்கமாகத் தோற்றம் பெற்றமைக்கு இத்தொகுப்பே காரணம் எனலாம். 1965இல் தி. சோ. வேணுகோபாலனின் கோடை வயல் வந்தது.

எழுத்தாளரே பதிப்பாளராவது உலகிற்குப் புதிதன்று. இலண்டனில் வர்ஜீனியா உல்ஃப் இணையர் 1917இல் நிறுவிய ஹோகார்த் அச்சகம், எலியட்டின் பாழ்நிலத்தை 1923இல் நூலாக்கியது. ஆயின் செல்லப்பா நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிகள்தோறும் சென்று விற்கவும் நேர்ந்தது. பதிப்பித்தலினும் விற்பனையே அவருக்குக் கடினமான பணியாயிற்று. தம் சுதந்திர தாகம் நாவலையும் முதுமையில் அவரே வெளியிட்டார். 2001இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அவர் இல்லை.

இதழ் ஒரு கவிதையை அறிமுகம் செய்கிறது; நூலோ அதனை நூலகத்திலும் வகுப்பறையிலும் நிலைபெறச் செய்கிறது. ஆகவே புதுக்கவிதை ஆய்வு, கவிதையின் உள்ளடக்கத்தோடு அமையாது, முதற்பதிப்புகளையும் முன்னுரைகளையும் விற்பனை முறைகளையும் சான்றுகளாகக் கொள்ளவேண்டும். அவை அழியுமுன் தொகுத்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.