உம்மம்மாவின் தோட்டில் இருந்தது என்ன பூ?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை தரம் 9 பிள்ளைகளிடம் ஒரு தாமரைப் பூ வரையச் சொன்னோம். எல்லாக் கொப்பியிலும் ஒரே தாமரை. பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே பூ, அதே இதழ் எண்ணிக்கை. பிழை சொல்ல முடியாது. பரீட்சைக்கு அதுதான் வரும். மணி அடித்த பிறகு ஒரு மாணவி தயங்கித் தயங்கி மேசைக்கு வந்தாள்.

"சேர், எங்கட உம்மம்மாட தோட்டுல ஒரு பூ இரிக்கி. தாமரையும் இல்ல, மல்லிகையும் இல்ல. அது என்ன பூ சேர்?"

படம் பிடித்துக்கொண்டு வரச் சொன்னோம். அடுத்த வாரம் வெறுங்கையோடு வந்தாள். வீட்டில் ஓர் அவசரச் செலவு, தோட்டை விற்றுவிட்டார்கள். கடையில் கல்லைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொன்னை மட்டும் நிறுத்திருக்கிறார்கள். இந்நேரம் அது உருகி வேறு ஏதாவது ஆகியிருக்கும்.

விற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. கஷ்டத்துக்கு உதவத்தானே பொன்னை வாங்கி வைக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி எங்களை விடவில்லை. விடையைத் தேடிப் போனதில் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் 'தோடு' என்ற சொல்லையே பாருங்கள். தமிழில் தோடு என்றால் பூவின் இதழ், பனையோலை என்றும் பொருள் உண்டு. ஒரு காலத்தில் ஓலையைச் சுருட்டித்தான் காதில் போட்டார்கள். பிறகு பொன்னில் செய்தார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. சிங்களத்திலும் அது 'தோடு'தான். 'மாலை'யும் அப்படித்தான். பூவைக் கட்டிப் போட்டதன் பெயர் பொன் சங்கிலிக்கு வந்தது. கண்டி மணப்பெண்ணின் கழுத்தில் வரிசை வரிசையாகத் தொங்குகிறதே, அதில் ஒன்றின் பெயர் 'பெத்தி மாலய'. பெத்தி என்றால் இதழ். அவள் தலையில் இரண்டு பக்கமும் வைப்பது 'இர', 'ஹந்த', அதாவது சூரியனும் சந்திரனும். பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகள் தலையில் வைக்கும் சூரியப் பிரபை, சந்திரப் பிரபையை நினைத்துப் பாருங்கள். ஓலை, இதழ், சூரியன், நிலா என்று கண்ணால் கண்ட இயற்கையைத்தான் நம் பெண்கள் உடம்பில் அணிந்து வந்திருக்கிறார்கள்.

இனி கண்டிக்கு வருவோம். அரசர் காலத்தில் இங்கே 'பட்டல் ஹதர' என்று நான்கு அரச பட்டறைகள் இருந்தன. முடி, சிம்மாசனம், பொன் வாள், ஆபரணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை. கைவினைஞர்களுக்குச் சம்பளம் கிடையாது. காணி இருந்தது. காணியை அனுபவித்துக்கொண்டு அரசருக்கும் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் வேலை செய்து கொடுக்க வேண்டும். 1739 முதல் 1815 வரை ஆண்ட நாயக்க வம்ச அரசர்களின் உறவு முழுக்கத் தென்னிந்தியாவோடு. அரண்மனையில் தமிழும் புழங்கியது. இரண்டு கரையின் நகைகளும் ஒரே நகரத்தில் சந்தித்த காலம் அது.

நம்மவர்களுக்கு இதில் என்ன பங்கு? தவளம் மாடுகளை ஓட்டிக்கொண்டு கரையோரத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையில் உப்பும் பாக்கும் துணியும் சுமந்தவர்களில் நம் முன்னோர் முக்கியமானவர்கள். அரசரின் போக்குவரத்துப் பகுதியான 'மடிகே'யில் அவர்கள் சேவை செய்தார்கள். மாணிக்கக் கல்லோடு நமக்கு இருக்கும் உறவு இன்னும் பழையது. 1344இல் இந்தத் தீவுக்கு வந்த இப்னு பதூதா, இங்குள்ள பெண்கள் பல நிறக் கற்களைக் கழுத்திலும் கையிலும் காலிலும் அணிந்திருந்ததை எழுதிவைத்திருக்கிறார். அரசனின் வெள்ளை யானையின் நெற்றியில் கோழி முட்டையை விடப் பெரிய ஏழு மாணிக்கங்களைக் கண்டதாகவும் சொல்கிறார். இன்றைக்கும் பேருவளை சீனன்கோட்டை என்றால் கல் வியாபாரம்தானே நினைவுக்கு வருகிறது.

ஆகவே ஒரு பழைய தோட்டில் பல கைகள் இருக்கின்றன. கல் ஒருவர் கையால் வந்தது. பொன்னை வேறொருவர் தட்டினார். அவர் சிங்கள ஆச்சாரியாக இருக்கலாம், தமிழ்ப் பத்தராக இருக்கலாம். போட்டவர் நம் உம்மம்மா.

சரி, அந்தப் பூ?

இதற்கு விடை சொல்லக்கூடிய புத்தகத்தை எழுதியவர் ஒரு தமிழரின் மகன். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயப் பெண். படித்தது பாறைகளைப் பற்றி. 1903இல் இலங்கையின் கனிய வளங்களை ஆராய வந்தவர், பாறை தேடிக் கிராமம் கிராமமாகப் போன இடத்தில் ஆச்சாரிமாரின் பட்டறைகளைக் கண்டார். அவர்களோடு உட்கார்ந்து பேசினார், வேலையைப் பார்த்தார், குறிப்பெடுத்தார். மனைவி எதெல் படம் பிடித்தார். 1908இல் வெளிவந்த அவருடைய 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூல் அப்படி உருவானது.

பட்டறையில் ஒரு சிறுவன் எப்படி வரையப் பழகினான் என்று அதில் எழுதியிருக்கிறார். முதல் பாடம் பூ இல்லை, இலையும் இல்லை. 'வக தெக' என்கிற இரட்டை வளைவு. ஒரு பக்கம் வளைந்து மறுபக்கம் திரும்பும் ஒரே கோடு. பன்னத்தின் இளந்தண்டு மண்ணிலிருந்து சுருண்டு எழும்புவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. அது கைக்குப் படிந்த பிறகுதான் மொட்டு, இதழ், பூ, இலை. கடைசியில் இவை எல்லாம் சேர்ந்து ஓடும் 'லியவெல' என்ற கொடி.

ஆச்சாரி பூவைப் பார்த்து அப்படியே பிரதி எடுக்கவில்லை. பூ எப்படி வளைகிறது, இதழ் எப்படி அடுக்கடுக்காக விரிகிறது, கொடி எந்த இடத்தில் கிளை விடுகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்று, அந்தச் சட்டத்தை வைத்துப் புதிய பூக்களைப் பூக்கவைத்தார். கண்டிக் கலையில் வரும் 'நாரிலதா' எந்தத் தோட்டத்திலும் பூப்பதில்லை. பெண் வடிவில் பூக்கும் கொடி அது. தாமரை இதழ் வரிசையான 'பலாபெதி'யும் குளத்துத் தாமரையின் படம் இல்லை, தாமரையின் சாரம். கெலிஓயா, தவுலகல பக்கம் இருப்பவர்களுக்கு எம்பெக்க தேவாலயம் பக்கத்தில்தான். அங்குள்ள மரத்தூண்களில் அன்னத்தையும் பூவையும் பாருங்கள். மரத்தில் இருக்கும் அதே கோட்டைத்தான் பொற்கொல்லர் பொன்னில் போட்டார்.

பொன்னில் அதைக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. பூவின் நடுவில் மகரந்தம் போலத் தெரியும் சின்னச் சின்னப் பொன்மணிகளைப் பார்த்திருப்பீர்கள். பொன் கம்பியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கரியின் மேல் வைத்து ஊதுகுழலால் ஊதினால், ஒவ்வொரு துண்டும் உருகித் தானாக உருண்டையாகும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து இடத்தில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் முழுப் பூவும் உருகிவிடும். அதனால் எந்த இரண்டு பூவும் அச்சொட்டாக ஒன்றாக இருக்காது. செடியிலும் அப்படித்தானே.

1815இல் அரசு போனது. 1832இல் ராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய வேலை போனது நல்லதுதான். ஆனால் அதோடு பட்டறைகளை வாழவைத்த ஆதரவும் போனது. குமாரசுவாமி வந்தபோது மிஞ்சியிருந்தவர்கள் கொஞ்சப் பேர். அவருடைய புத்தகத்தில் ஒரு துக்கம் இருப்பது அதனால்தான்.

அந்தப் புத்தகம் அச்சான கதை இன்னும் சுவையானது. அச்சானது இங்கிலாந்தில் புரோட் கெம்ப்டன் என்ற கிராமத்தில், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்தில், 425 பிரதிகள் மட்டும். பக்கத்து ஊரில் ஆஷ்பி என்பவர், இயந்திரப் பொருளுக்கு எதிராகக் கைவினைஞர் சங்கம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அவரே மயில் வடிவ நகைகளை வடிவமைத்தவர். எதெலின் சகோதரர் பிரெட் பார்ட்ரிட்ஜ் அந்தச் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்த நகைக் கலைஞர். மாட்டுக் கொம்பைச் செதுக்கி இலையும் பூச்சியுமாகச் சீப்புகளும் தலையணிகளும் செய்தவர். கண்டி ஆச்சாரியின் கொடியைப் பற்றி எழுதியவரின் மச்சான், கடலுக்கு அந்தப் பக்கம் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்! மலிவான இயந்திர நகைகளோடு போட்டிபோட முடியாமல் ஆஷ்பியின் சங்கம் நொடித்துப்போனதும், குமாரசுவாமியின் புத்தகம் அச்சில் இருந்ததும் ஒரே காலம். அங்கேயும் இங்கேயும் ஒரே கதை.

இது நமக்கு அந்நியமான கலை என்று யாராவது நினைத்தால், ஒரு பழைய முஸ்ஹபின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஓடுவதும் கொடிதான். துருக்கியின் இஸ்னிக் ஓடுகளில் டியூலிப் பூவும், தாஜ்மஹாலின் சுவரில் கல் பதித்த பூக்களும் இருக்கின்றன. அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்து, அதன் ஒழுங்கைக் கோட்டில் கொண்டுவரும் பழக்கம் நம் கலையிலும் ஆழமாக இருக்கிறது. கண்டி ஆச்சாரியின் லியவெலவும் முஸ்ஹபின் கொடியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. 2018 மார்ச்சில் திகன எரிந்த பிறகு, "அவங்களுக்கும் எங்களுக்கும் பொதுவா என்ன சேர் இரிக்கி?" என்று பிள்ளைகள் கேட்டார்கள. அன்றைக்கு எங்களிடம் இருந்தது புத்தகத்து விடைதான். இன்றைக்குக் கேட்டால் ஒரு தோட்டைக் காட்டிச் சொல்வோம்.

ஆனால் காட்டத் தோடு வேண்டுமே. இப்போது கலியாணத்துக்கு வாடகைக்கு எடுக்கும் கண்டி நகைகளில் பெரும்பாலானவை அச்சில் வார்த்து முலாம் பூசியவை. பழைய கைவேலையோ, பொன் விலை ஏற ஏற உருகிக்கொண்டிருக்கிறது. தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும். பூவுக்கு அதில் படி கிடையாது.

அதனால் ஒரு வேண்டுகோள். விற்பதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. விற்க முன்னர் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வெளிச்சத்தில் வைத்து முன்பக்கமும் பின்பக்கமும் படம் பிடியுங்கள். வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கொப்பியில் வரையச் சொல்லுங்கள். யார் செய்தது, எந்த ஊர், யாருடைய கலியாணத்துக்கு என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் வகுப்பிலும் பாடத்தை மாற்றிவிட்டோம். முதலில் வளைவு, பிறகு பூ. இந்தத் தவணை பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்ப் பன்னத்தின் முன்னால் உட்காரவைத்தோம். எல்லோரும் வரைந்தார்கள். இந்த முறை எந்த இரண்டு கொப்பியும் ஒன்றாக இல்லை.

அந்த மாணவி கடைசி வரை எழும்பவில்லை. தோட்டில் இருந்த பூவை நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தாள். ஓர் இதழ் மற்றதை விடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. ஏன் என்று கேட்டோம்.

"அப்படித்தான் சேர் இருந்திச்சி" என்றாள்.

அது என்ன பூ என்று இப்போது அவளுக்குச் சொல்லிவிட்டோம். அது ஆச்சாரியின் கையில் பூத்த பூ மகள். அது போல இன்னொன்று இல்லை.