ஆட்வுட் எந்திரம்: பித்தளையிலிருந்து பாடநூலுக்கு

நியூட்டனின் இயக்க விதிகள் அச்சேறியது 1687-இல். நூறாண்டு நெருங்கும்போதும் அவற்றை மாணவர் கண்ணெதிரே நடத்திக் காட்டுவது பெரும்பாடாகவே இருந்தது. கையிலிருந்து விடுபட்ட கல் முதல் நொடியிலேயே சுமார் 4.9 மீட்டர் இறங்கிவிடும். வகுப்பில் இருக்கும் ஊசல் கடிகாரமோ நொடிக்கு ஒரு முறைதான் அடிக்கும். அதை வைத்துக்கொண்டு வீழ்ச்சியை எப்படி அளப்பது?

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி ஆசிரியர் ஜார்ஜ் ஆட்வுட் கண்ட வழி, வீழ்ச்சியை மெதுவாக்குவது. சமமான இரண்டு எடைகளைக் கயிற்றின் இரு முனைகளிலும் கட்டிச் சக்கரத்தின் மேல் தொங்கவிட்டால் இரண்டும் அசையாமல் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் சிறு எடை ஒன்றைக் கூட்டினால், அந்தச் சிறு எடையின் ஈர்ப்பு மொத்தத்தையும் இழுத்தாக வேண்டும். எனவே முடுக்கம் மிகக் குறைவாக இருக்கும். நேர்கோட்டு இயக்கத்தையும் சுழற்சியையும் பற்றி 1784-இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த எந்திரம் முழு விவரத்தோடு இருக்கிறது.

அதன் வேலைப்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உயரமான தூணின் உச்சியில் பித்தளைச் சக்கரம். அதன் பள்ளத்தில் பட்டு நூல். சக்கரத்தின் அச்சு எந்தத் துளைக்குள்ளும் செருகப்பட்டிருக்காது. அச்சின் ஒவ்வொரு முனையையும் இரண்டு சிறு சக்கரங்களின் விளிம்புகள் தாங்கும். அச்சு சுழலும்போது அவையும் கூடவே உருளும், உராய்வு மிகவும் குறையும். தூணை ஒட்டி 64 அங்குல அளவுகோல். அதில் மேலும் கீழும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு தட்டும் ஒரு வளையமும்.

அந்த வளையத்தில்தான் எனக்குத் தனிப் பிரியம். கூட்டும் எடையை நீளமான சிறு பட்டையாகச் செய்திருந்தார். எடை இறங்கி வளையத்துக்குள் நுழையும். பட்டை மட்டும் உள்ளே போக முடியாமல் வளையத்தின் மேல் தங்கிவிடும். இப்போது இரு பக்கமும் சமம், இழுக்க விசை எதுவும் இல்லை. ஆனாலும் எடை நிற்காது. அதுவரை பெற்ற வேகத்தோடு சீராக இறங்கிக்கொண்டே போகும். முதல் விதியை வாயால் விளக்கி மாணவனை நம்பவைப்பது எவ்வளவு கடினம் என்று பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும். இங்கே கடிகாரம் அடிக்க அடிக்க அதைக் கண்ணால் பார்க்கலாம்.

எண்களையும் அழகாகத் தேர்ந்தெடுத்தார். கால் அவுன்சை ஒரு பங்கு என்று கொண்டு, அசையும் அனைத்தும் சேர்ந்து 64 பங்கு வருமாறு அமைத்தார். ஒரு பங்கு மட்டும் இழுக்கும். முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 64-இல் ஒன்று. முதல் நொடி முடிவில் 3 அங்குலம், இரண்டாவதில் 12, மூன்றாவதில் 27. அந்த 64-க்குள் சக்கரங்களின் பங்கும் அடக்கம். அவற்றைச் சுழற்றுவதற்கான செலவு 2¾ அவுன்சு எடையை இழுப்பதற்குச் சமம் என்று சோதித்தே கண்டறிந்து, அதையும் கணக்கில் சேர்த்தார்.

நூல் வெளிவருவதற்கு முன்பே எந்திரத்தின் பயணம் தொடங்கிவிட்டது. லண்டனில் வாழ்ந்த போர்ச்சுகீசியரான மகெல்லன், 1780-இல் இத்தாலியின் பாவியாவிலிருந்த இயற்பியலாளர் வோல்டாவுக்கு இதை விவரித்துக் கடிதம் எழுதினார். கருவி செய்பவர்கள் பித்தளையிலும் மரத்திலும் செய்து விற்றார்கள். ஐரோப்பாவெங்கும் கல்லூரிகள் வாங்கின. ஆட்வுட் 1807-இல் மறைந்தார். அவருடைய விரிவுரைகளைக் கேட்டவர்களில் ஒருவர், பின்னாளில் பிரதமரான இளைய வில்லியம் பிட்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடநூல்கள் எந்திரத்தைப் படமாக்கின. பிறகு படம் கோடாக மெலிந்தது. இன்று அது மேலே ஒரு வட்டம், கீழே இரண்டு பெட்டிகள், பக்கத்தில் ஒரு வரி: ‘கப்பி நிறையற்றது, உராய்வற்றது, கயிறு நீளாதது.’ தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இயக்க விதிகள் மூன்றாம் அலகு, ஆற்றல் நான்காவது, திண்மப் பொருட்களின் சுழற்சி ஐந்தாவது. ஆட்வுட் ஒரே தூணில் வைத்திருந்ததை நாம் மூன்று அலகுகளாகப் பிரித்துப் படிக்கிறோம். பிரிப்பதில் குற்றமில்லை. மீண்டும் சேர்த்துக் காட்டாமல் விடுவதுதான் குறை.

சேர்த்துப் பார்ப்போம். ஒரு பக்கம் 5 கிலோ, மறுபக்கம் 3 கிலோ. கப்பி நிறையற்றது என்றால் 2 கிலோவின் ஈர்ப்பு 8 கிலோவை இழுக்கிறது, முடுக்கம் 9.8-இல் நான்கில் ஒன்று, அதாவது 2.45. கயிற்றின் இழுவிசை இருபுறமும் 36.75 நியூட்டன். இப்போது கப்பியை 4 கிலோ நிறையுள்ள சீரான வட்டத்தட்டாக்குவோம். சுழற்சிக் கணக்கில் அது விளிம்பில் வைத்த 2 கிலோவுக்குச் சமம். இழுக்கப்படுவது 10 கிலோ, முடுக்கம் 1.96. கனமான பக்கம் இழுவிசை 39.2 நியூட்டன், மறுபக்கம் 35.28. இரண்டும் ஏன் சமமில்லை என்று திகைக்கும் மாணவனுக்கு விடை அந்த 3.92 நியூட்டன் வேறுபாட்டிலேயே இருக்கிறது. தட்டைச் சுழற்றுவது அதுதான்.

ஆற்றல் வழியில் போனால் இது இன்னும் தெளிவாகும். கனமான பெட்டி ஒரு மீட்டர் இறங்க, நிலை ஆற்றலில் 19.6 ஜூல் குறைகிறது. 5 கிலோ பெட்டி 9.8 ஜூலும், 3 கிலோ பெட்டி 5.88 ஜூலும் பெற்றுக்கொள்கின்றன. மீதி 3.92 ஜூல் கப்பியின் சுழற்சியில் இருக்கிறது. ‘நிறையற்ற’ என்று எழுதியபோது நாம் விட்டுவிட்டது இந்த ஐந்தில் ஒரு பங்கைத்தான். இந்த ஒரு கணக்கை மூன்று வழியிலும் போட்டுப் பார்த்தவனுக்கு ஐந்தாம் அலகு அந்நியமாக இருக்காது.

எந்திரம் அதோடு ஓய்வெடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெட்டியை மேலும் கீழும் மட்டும் போகவிடாமல் ஊசல்போல் ஆடவும் விட்டால் என்ன ஆகும்? 1984-இல் நிக்கோலஸ் டுஃபில்லாரோவும் உடன் ஆய்ந்தவர்களும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆடாத நிறை ஆடும் நிறையைப்போல் 3 மடங்காக இருந்தால் இயக்கத்தை முழுமையாகத் தீர்க்க முடிகிறது. வேறு விகிதங்களில் பாதை பெரும்பாலும் ஒழுங்கில்லாமல் அலைகிறது. 2010-இல் ஒலிவியே பூஜோல் குழுவினர் இதை உண்மைக் கப்பிகளோடு கட்டிச் சோதித்தபோது, கப்பிகளின் ஆரத்தையும் நிலைமத்தையும் சமன்பாடுகளில் சேர்த்தே எழுதினார்கள்.