விமானப் பயணியர் தேர்வு மாதிரி

ஒரே தடத்தில் பல விமானங்களும் பல கட்டணங்களும் விற்பனையில் இருக்கும்போது பயணி எதை வாங்குவார், அல்லது எதையும் வாங்காமல் போவார் என்பதை நிகழ்தகவால் கணிக்கும் முறை பயணியர் தேர்வு மாதிரி எனப்படும். எந்தக் கட்டணத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்யும் வருவாய் மேலாண்மைக்கு இது ஒரு முக்கிய அடித்தளம்.

இத்துறையின் முதல் விதியை 1972-இல் பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தைச் சேர்ந்த கென் லிட்டில்வுட் வகுத்தார். மலிவுக் கட்டணம் 4,000 ரூபாய், முழுக் கட்டணம் 6,000 ரூபாய் என்று கொள்வோம். ஓர் இருக்கை பின்னால் முழுக் கட்டணத்துக்கு விலைபோகும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தால், அதை மலிவாக விற்காமல் நிறுத்திவைப்பதே லாபம். எம்ஐடியின் பீட்டர் பெலொபாபா 1987-இல் இக்கருத்தைப் பல கட்டண வகுப்புகளுக்கு விரித்தார்.

இரண்டுமே ஒரு துணிந்த அனுமானத்தின் மேல் நின்றன: 6,000 ரூபாய்ப் பயணி வேறு, 4,000 ரூபாய்ப் பயணி வேறு, ஒருவர் மற்றவர் டிக்கெட்டை நாடமாட்டார். பல நாள் முன்பே வாங்க வேண்டும், சனிக்கிழமை இரவு ஊரில் தங்கிவிட்டே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனைகள் மலிவு டிக்கெட்டைச் சுற்றி வேலியாக நின்றவரை இது ஓரளவு செல்லுபடியானது. குறைந்த கட்டண நிறுவனங்கள் அந்த வேலியைப் பிடுங்கியபின் செல்லவில்லை.

விளைவு கடுமையானது. மலிவு டிக்கெட் திறந்திருந்தால் முழுக் கட்டணம் தரக்கூடியவரும் அதையே வாங்குவார். முழுக் கட்டணத்துக்கு ஆள் குறைவு என்று கணினி பதிவு செய்யும்; அடுத்த முறை அவர்களுக்காகக் குறைவான இருக்கைகளையே ஒதுக்கும். மலிவு இருக்கைகள் கூடும், முழுக் கட்டண விற்பனை இன்னும் சரியும். கணிப்பே தன் பிழையை மெய்யாக்கிக்கொள்ளும் இச்சுழலைக் கூப்பர், ஹோமெம்-டி-மெல்லோ, கிளெய்வெக்ட் ஆகிய ஆய்வாளர்கள் 2006-இல் கணித முறையில் நிறுவினர். தேர்வு மாதிரி ஏன் தேவை என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

அதற்கு முன்பே, ஆய்வாளர்கள் தல்லூரியும் வான் ரைசினும் 2004-இல் கேள்வியையே மாற்றினர். ஒவ்வொரு வகுப்புக்கும் எத்தனை பேர் வருவர் என்று கேட்பதை விட்டு, எந்தெந்தக் கட்டணங்களைச் சேர்த்துக் காட்டினால் வருவாய் எவ்வளவு, அதற்கு எத்தனை இருக்கைகள் செலவாகும் என்று கேட்டனர். தேர்வைக் கணக்கிடப் பெரிதும் பயன்படுவது, ஒவ்வொரு தெரிவின் ஈர்ப்புக்கு ஏற்ப நிகழ்தகவைப் பங்கிடும் பன்முக லாஜிட் மாதிரி. இதற்கு வழியமைத்த டேனியல் மெக்ஃபேடன் 2000-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். லாஜிட் மாதிரிக்கும் ஒரு குறை உண்டு. காலை 7 மணி விமானத்தோடு 7.20-க்கு இன்னொன்றைச் சேர்த்தால், அது பெரும்பாலும் 7 மணிப் பயணியரையே இழுக்கும். லாஜிட்டோ மாலை விமானத்திலிருந்தும் அதே விகிதத்தில் ஆள் குறையும் என்கிறது.

மிகப் பெரிய இடர் தரவில் உள்ளது. விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர் முன்பதிவேட்டில் இல்லை. வல்கானோ, வான் ரைசின், ராட்லிஃப் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட முறை, விற்ற டிக்கெட்டுகளையும் நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் கொண்டு அவர்களின் எண்ணிக்கையை மதிப்பிடுகிறது.