ஈரிறக்கை விமானத்தின் மீளமைப்பு

இரத்மலானையில் முதன்முதலாக விமானமொன்று தரையிறங்கிய நாள் 1935 நவம்பர் 27 ஆகும். சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியர் டின்டல் பிஸ்கோ செலுத்திவந்த அச்சிறு விமானம், இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் ஆக்கிய ‘பஸ் மொத்’ என்பதாகும். 1938 பெப்ரவரியில் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானசேவை கொழும்புவரை நீண்டது. மரமும் துணியும் கொண்டு பயணி விமானங்கள் ஆக்கப்பட்ட காலம் அது.

அக்காலத்துப் பயணி விமானங்களுட் பெயர்பெற்றது, அதே நிறுவனத்தின் ‘டிராகன் றப்பீட்’ என்னும் ஈரிறக்கை விமானம். ஆதர் ஹாக் வடிவமைத்த இது 1934 ஏப்ரல் 17 இல் முதன்முறை பறந்தது. 200 குதிரைவலுக் கொண்ட இரு இயந்திரங்களுடன், எட்டுப் பயணிகள் வரை ஏற்றி, மணிக்கு ஏறக்குறைய 130 மைல் வேகத்திற் செல்லவல்லது. எழுநூறுக்கு மேற்பட்டவை ஆக்கப்பட்டன. போர்க்காலத்தில் அவற்றுட் பலவற்றை, பஸ் வண்டிகளுக்கு உடலமைத்துப் பழகிய பிரஷ் நிறுவனம் கட்டிற்று என்பது, இவ்விமானம் எத்துணை தச்சுத்தொழிலைச் சார்ந்தது என்பதைப் புலப்படுத்தும்.

இரு இறக்கைகளைத் தூண்களாலும் கம்பிகளாலும் பிணைக்கும்போது குறைந்த நிறையில் மிகுந்த உறுதி கிடைக்கும். சிறிய புற்றரையிலும் மெதுவாக இறங்கலாம். ஆயின் அத்தூண்களும் கம்பிகளும் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். உலோக விமானங்கள் மேலோங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இத்தகைய விமானத்தை மீளமைப்பது எளிதன்று. முதலில் பழந்துணியை உரித்து மரச்சட்டத்தை வெளிக்கொணர்வர். பாலிலிருந்து எடுத்த கேசீன் பசை ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் கெடுமாதலின், ஒவ்வொரு பொருத்தும் சோதிக்கப்படும். பழுதுற்ற மரம் மாற்றப்பட்டு, உறுதிமிக்க செயற்கைப் பசையால் ஒட்டப்படும். பின்னர்ப் புதுத்துணி போர்த்தி, இறக்கையின் விலாச்சட்டங்களோடு கையால் தைத்து, ‘டோப்’ என்னும் பூச்சைப் பலமுறை பூசுவர். அது காயக் காயத் துணி மத்தளத்தோல் போல இறுகும். இறுதியில் கம்பிகளை முறுக்கி இறக்கைகளின் கோணத்தைச் சரிசெய்வர்.

இவ்வளவும் மாறியபின் எஞ்சுவது பழைய விமானந்தானா? அச்சும் சில்லும் புதுக்கப்பட்ட தேரை எவரும் வேறு தேர் என்பதில்லை. அதன் அளவும் அமைப்பும் மரபும் தொடர்கின்றன. ஆனால் அயர்லாந்தில் நிகழ்ந்தது வேறு. ஏர் லிங்கஸ் நிறுவனம் 1936 மே 27 இல் தன் சேவையைத் தொடங்கிய ‘இயோலர்’ என்னும் டிராகன் விமானம், விற்கப்பட்டபின் 1941 இற் போரில் அழிந்தது. 1986 இல் பொன்விழாவுக்காகப் பறக்கவிடப்பட்ட ‘இயோலர்’, அதே வகையைச் சேர்ந்த பிறிதொரு விமானமே. முன்னது புதுக்கம், பின்னது நினைவுச்சின்னம். இரண்டும் போற்றத்தக்கவை, எனினும் இவ்வேறுபாட்டை ஏட்டிற் பதியாது விடின் நினைவுச்சின்னமே வரலாறாக மயங்கிவிடும்.

இரத்மலானையில் 2009 இல் புதிதாகத் திறக்கப்பட்ட விமானப்படை நூதனசாலையில், றப்பீட்டின் வழித்தோன்றல்களான ‘டவ்’, ‘ஹெரன்’ என்னும் உலோக விமானங்கள் காக்கப்படுகின்றன. கடற்காற்றுச் சூழலில் உலோகமே அரிக்கும். மரமும் துணியும் விரைவில் அழியும். ஆதலின் பழைய விமானத்தைக் காப்பதென்பது பொருளைக் காப்பது மட்டுமன்று. தைக்கும் கையையும், ஒட்டும் கையையும், மாற்றியதை மறைக்காது எழுதிவைக்கும் கையையும் காப்பதாகும்.